நம் மலையில் செடி, ஹவாயில் களை: காட்டு ராஸ்பெரி பற்றி ஒரு விளக்கம்

நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் போய்வரும் கொழும்புக்காரர்கள் இந்தச் செடியைக் கட்டாயம் கடந்திருப்பார்கள். பாதையோர மண்மேட்டில் ஆள் உயரத்துக்குப் படர்ந்த புதர். தண்டு முழுக்கச் செம்பட்டை மயிரும் முள்ளும். மூன்று மூன்றாகச் சேர்ந்த இலைகள். காய்க்கும் காலத்தில் மணிமணியாக மஞ்சள் பழம்; வாயில் போட்டால் இனிப்பு, பின்னால் இலேசான புளிப்பு. தாவரவியல் பெயர் ரூபஸ் எலிப்டிகஸ். இந்தக் கட்டுரையில் மஞ்சள் ராஸ்பெரி என்றே சொல்கிறேன்.

இதே செடியின் பெயர் ‘உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள்’ என்ற பட்டியலிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலை இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு சந்தேகம் வருகிறது. இது வெளியிலிருந்து வந்த களையா, கண்ட இடத்தில் பிடுங்க வேண்டுமா? இல்லை, நம்முடைய செடிதான் என்றால் பட்டியல் பிழையா?

செடி நம்முடையதுதான். பட்டியலும் பிழையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்று விளங்க, செடியின் உடம்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழத்தை உடைத்துப் பார்ப்போம்

சுப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் 125 கிராம் பிளாஸ்டிக் பெட்டியில் வரும் இறக்குமதி ராஸ்பெரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுச் செடியின் பழமும் அமைப்பில் இதேதான். அடியில் ஒரு குழி இருக்கும்; பழம் ஒரு சின்னத் தொப்பி மாதிரி. மேலே உள்ள ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு மெல்லிய காய்ந்த மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். சிலர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்துப் பழத்தையே எறிந்துவிடுகிறார்கள். அது பூவாக இருந்த காலத்தில் மகரந்தம் இறங்கிய தம்பம். வாடிய பிறகும் உதிராமல் நிற்கிறது.

ஒரு மணியை மட்டும் பிரித்து விரலிடுக்கில் நசுக்கினால் தோல் கிழிந்து சாறு வரும், கடைசியில் கடினமான ஒரு கொட்டை மிஞ்சும். அந்தக் கொட்டை ஓடு, வித்து அதற்குள்ளே இருக்கிறது. தோல், சதை, ஓடு, வித்து: மாம்பழத்தின் அடுக்கும் இதுதான். ஆகவே ராஸ்பெரியின் ஒரு மணி ஒரு குட்டி மாம்பழம். ஒரு ராஸ்பெரி, குட்டி மாம்பழங்கள் பல ஒட்டிக்கொண்ட ஒரு கொத்து.

இது எப்படி வருகிறது? ரூபஸ் என்பது ராஸ்பெரியும் பிளாக்பெரியும் அடங்கும் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. ஒரு ரூபஸ் பூவின் நடுவில் தனித்தனிச் சூலகங்கள் ஏராளம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகக் கருவுற்றுத் தனி மணியாகிறது. ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து ஒரு பழம்போல் ஆவதைத் திரள்கனி என்பார்கள். நமக்கு நன்றாகத் தெரிந்த திரள்கனி அன்னமுன்னா. தேனீ சரியாக வந்து போகாத பூவில் சில சூலகங்கள் கருவுறாமல் நின்றுவிடும். அந்தப் பழம் கோணலாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருக்கும்.

மல்பெரியும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். கொழும்பில் வீட்டுத் தோட்டத்து மல்பெரியைக் காட்டி பிளாக்பெரி என்று சொல்பவர்கள் பலர். ஆனால் மல்பெரி பலா மரத்தின் குடும்பம். பலாச்சுளை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவிலிருந்து வருவது போல, மல்பெரியின் ஒவ்வொரு மணியும் ஒரு தனிப் பூ. அது கூட்டுக்கனி. ரூபஸ் ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிளும் ஸ்ட்ரோபெரியும் அதன் உறவு.

ராஸ்பெரிக்கும் பிளாக்பெரிக்கும் வேறுபாடு நிறத்தில் இல்லை. கறுத்த ராஸ்பெரியும் உண்டு. பறிக்கும்போது பாருங்கள். மணிகள் ஒட்டியிருக்கும் நடுமேட்டுக்குப் பூத்தளம் என்று பெயர். அதைச் செடியிலேயே விட்டுவிட்டுக் குழிவாகக் கழன்று வந்தால் ராஸ்பெரி. பூத்தளமும் பழத்தோடு சேர்ந்து வந்தால் பிளாக்பெரி. நம் மலையின் மஞ்சள் பழம் குழிவாகத்தான் கழன்று வரும்.

பரவுவதற்கான நான்கு வழிகள்

ரூபஸ் பேரினத்துக்கு இந்தப் பெயரை 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பதிவு செய்தார். இதில் எத்தனை இனம் என்று கேட்டால் எண்ணும் முறையைப் பொறுத்துச் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான உடலமைப்பில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது.

1. முள். எலுமிச்சையின் முள் உருமாறிய கிளை. நாகதாளியின் முள் உருமாறிய இலை. ரோசாவின் முள், ரூபஸின் முள் இரண்டும் தோலின் மேல் எழும்பிய வளர்ச்சி. அதனால்தான் ரோசா முள்ளைப் பக்கவாட்டில் அழுத்தினால் தண்டு நார் கிழியாமல் சுத்தமாகக் கழன்று வருகிறது. பல ரூபஸ் இனங்களில் இது பின்னோக்கி வளைந்த கொக்கி. மேய வரும் மிருகத்தைத் தடுக்கும். பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி ஏறவும் உதவும். காற்சட்டையில் மாட்டினால் முன்னே இழுக்க இழுக்க இன்னும் இறுகுவதும் இந்த வளைவால்தான்.

2. மாறி மாறி வரும் தண்டு. பெரும்பாலான ரூபஸ் செடிகளில் வேர் பல வருடம் வாழும், தண்டு இரண்டு பருவம்தான். முதல் பருவத்தில் நீளும்; இரண்டாம் பருவத்தில் பூத்துக் காய்த்துச் சாகும். அதற்குள் அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பியிருக்கும். செத்த தண்டும் முள்ளோடு அங்கேயே நிற்கும். வருடங்கள் போகப்போக உள்ளே காய்ந்த வேலி, வெளியே பச்சை வேலி என்று புதர் தடிக்கிறது.

3. வித்தில்லாமல் பெருகுவது. ராஸ்பெரி வகைகள் வேரிலிருந்தே தள்ளித் தள்ளிப் புதுத் தளிர் விடும். பிளாக்பெரி வகைகளில் வளைந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் பிடிக்கும். வெட்டிவிட்டு வேரை விட்டால் பழையபடி தளிர்த்துவிடும்.

4. மண்ணில் காத்திருக்கும் வித்து. குட்டி மாம்பழத்தின் ஓடு மிகவும் தடிப்பானது. பறவையின் வயிற்றில் அரைபட்டு வெளியே வந்தாலும் உள்ளே இருக்கும் வித்துக்குச் சேதமில்லை. மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். மேலே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால், அல்லது மண் கிளறப்பட்டால் முளைக்கும்.

என் பார்வையில் நான்காவதுதான் முக்கியம். முதல் மூன்றும் செடி இருக்கும் இடத்தில் அதை நிலைநிறுத்துகின்றன. புது இடத்துக்கு அதைக் கொண்டுபோவதும், அழித்துவிட்டோம் என்று நாம் நம்பிய பிறகு திரும்ப வரச்செய்வதும் அந்த வித்துதான்.

நம் மலையில் அதற்கு உள்ள இடம்

மஞ்சள் ராஸ்பெரியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டம், இலங்கை, தென் சீனா, பிலிப்பைன்ஸ் வரை நீள்கிறது. இங்கே மத்திய மலைநாட்டின் உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளில் வளர்கிறது. இன்னொரு காட்டு ராஸ்பெரியும் நமக்கு உண்டு: ரூபஸ் நிவேயஸ், மைசூர் ராஸ்பெரி என்று அழைக்கப்படுவது. அதன் தண்டில் சாம்பல் பூசியது போன்ற வெண்மெழுகு. இலையின் அடிப்பக்கம் வெள்ளை. பழம் சிவந்து பிறகு கறுக்கும். நிவேயஸ் என்றால் பனி போன்றது. 1813இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் தன்பெர்க். லின்னேயஸின் மாணவரான அவர், ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777–78இல் சில மாதங்கள் இலங்கையில் தங்கியவர்.

காட்டில் இந்தச் செடிகள் முன்னோடிகள். மரம் சாய்ந்த வெளி, மண்சரிந்த சரிவு, பாதை வெட்டிய மேடு, பராமரிப்பில்லாமல் விட்ட தேயிலை மலை: இப்படி வெளிச்சம் திடீரென்று கிடைத்த இடங்களுக்கு முதலில் வருபவை. வந்து மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. பூ தேனீக்கு, பழம் கொண்டைக்குருவிக்கும் மரநாய்க்கும். மரை நுழையத் தயங்கும் முட்புதருக்குள் மரக்கன்று ஒன்று கடிபடாமல் தலைதூக்கவும் வாய்ப்புண்டு. அந்தக் கன்று வளர்ந்து நிழல் விழுத்தியதும் புதர் மெலிகிறது. ரூபஸுக்கு அடர்நிழல் ஒத்துவராது.

அதாவது இங்கே அதற்குக் கடிவாளம் இருக்கிறது. தின்னும் பூச்சி, நோய் தரும் பூஞ்சை, மேயும் மிருகம், நிழலடிக்கும் மரம் எல்லாம் பல்லாயிரம் வருடமாக அதனோடு சேர்ந்தே இருப்பவை. தோட்டக்காரருக்கு அது தொல்லை தரலாம். தேயிலை வரிசைக்குள் வந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் மலைக்காட்டை அது விழுங்கிவிடவில்லை.

ஹவாயில், கலாபகோஸில்

ஹவாய் தீவுக்கு மஞ்சள் ராஸ்பெரி போனது பழத்துக்காக. 1960களின் தொடக்கத்தில் எரிமலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய வோல்கேனோ கிராமத்தில் நட்டார்கள். அந்த ஈரக்காடு அதற்குச் சொந்த வீடு மாதிரி: குளிர்ச்சி, மழை. கூட வராதவை அதன் எதிரிகள் மட்டும்தான். அங்கே அது நான்கு மீட்டர் வரை உயர்ந்து, மனிதர் நுழைய முடியாத புதராகிறது. வேறு நாடுகளிலிருந்து வந்த பறவைகளும் காட்டுப் பன்றிகளும் வித்தைப் பரப்புகின்றன. பன்றி மண்ணையும் கிளறிக் கொடுக்கிறது.

ஹவாய்க்கென்றே சொந்தமாக ஒரு ராஸ்பெரி உண்டு. உள்ளூர்ப் பெயர் ஆக்கலா. அதன் முள் மிகக் குறைவு, மென்மையானது. மேய்கிற பெரிய பாலூட்டிகள் இல்லாத தீவில் எத்தனையோ தலைமுறையாக வளர்ந்ததால் கடினமான முள் தேவைப்படவில்லை என்பதே வழக்கமான விளக்கம். மரைக்கும் மாட்டுக்கும் ஈடுகொடுத்துப் பழகிய நம் மலைச்செடி பக்கத்தில் வந்து நின்றால் ஆக்கலா தாக்குப்பிடிப்பது கடினம். தன் சொந்தப் பேரினத்துச் செடியையே அது இடம்பெயர்க்கிறது.

பசிபிக் பெருங்கடலில் எக்குவடோருக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளில் இதே வேலையைச் செய்வது மைசூர் ராஸ்பெரி. அங்கே ஸ்கலேசியா என்றொரு மரம் உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தில் மரமாக வளர்ந்தது, உலகில் வேறெங்கும் இல்லாதது. ராஸ்பெரிப் புதர் தரையை மூடிவிட்டால் ஸ்கலேசியாவின் நாற்றுக்கு வெளிச்சம் இல்லை. வயதான மரங்கள் சாகும்போது அந்த இடத்துக்கு வரப் பிள்ளை மரம் இல்லை. வெட்டி, மருந்தடித்து அழித்த பிறகும் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஆயிரக்கணக்கான வித்து மிச்சம் இருக்கும். வெளிச்சம் பட்டதும் அவை முளைக்கின்றன. அழிப்பதே முளைக்க வைப்பதாகிவிடுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய வேதனை.

அவுஸ்திரேலியாவின் பிளாக்பெரி

மெல்போர்னில் உறவினர் உள்ளவர்கள் பாதையோர பிளாக்பெரி பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அது ஐரோப்பாவிலிருந்து போனது. அங்கே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களை என்று அறிவிக்கப்பட்ட செடி. ஐரோப்பிய பிளாக்பெரிகள் பலவற்றில் ஒரு விசித்திரம் உண்டு: கருவுறாமலேயே வித்து உருவாகும். அப்படிப் பிறக்கும் பிள்ளைகள் தாயின் அச்சு. சிறு வேறுபாடுள்ள ஒவ்வொரு வம்சமும் கலக்காமல் தனியாகவே நீடிப்பதால் பிரித்தானியாவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட நுண்ணினங்களை எண்ணியிருக்கிறார்கள். இந்தச் செடிகளைப் பிரித்தறிவதற்கென்றே தாவரவியலில் தனி ஒரு கிளை இருக்கிறது.

இதற்கு நடைமுறை விளைவும் உண்டு. பிளாக்பெரியை மட்டும் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையை அவுஸ்திரேலியா 1991இல் அதிகாரபூர்வமாக விட்டது. சில வம்சங்கள் வாடின, சில அசையவே இல்லை. ஒரே புதர் என்று கண்ணுக்குத் தெரிந்தது உண்மையில் பல செடிகள்.

பெயர்க் குழப்பத்துக்கு அமெரிக்காவிலும் ஓர் உதாரணம். தாவர வளர்ப்பாளர் லூதர் பேர்பேங்க் 1885இல் இந்தியாவிலிருந்து வந்த வித்தை வளர்த்து ‘இமாலயம்’ என்ற பெயரோடு பரப்பினார். இன்று அமெரிக்காவின் வடமேற்குக் கரையை நிறைத்திருக்கும் அந்த பிளாக்பெரியின் பூர்வீகம் இமயமலை இல்லை. ஆர்மேனியா, வட ஈரான் பக்கம்.

பட்டியலை எப்படி வாசிப்பது

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. களை: நாம் விரும்பாத இடத்தில் வளரும் எந்தச் செடியும். உள்நாட்டுச் செடியும் களையாகலாம்.

2. அந்நிய இனம்: மனிதர் தெரிந்தோ தெரியாமலோ கொண்டுபோய்ச் சேர்த்த இனம். பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. நம் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

3. ஆக்கிரமிப்பு அந்நிய இனம்: அப்படி வந்தவற்றுள் தானாகப் பரவி உள்ளூர் உயிர்களை நெருக்குவது.

மூன்றாவது சொல்லில் ‘எங்கே’ என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தப் பட்டியலை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் ஆக்கிரமிப்பு இனங்கள் நிபுணர் குழு. அது தரவரிசை இல்லை. தீவிரமான பாதிப்பு, ஒரு முக்கியப் பிரச்சினையை விளக்கும் நல்ல உதாரணம் என்ற இரண்டையும் வைத்துத் தெரிந்தெடுத்தது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஒரு பேரினத்திலிருந்து ஓர் இனம் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். ரூபஸ் சார்பில் மஞ்சள் ராஸ்பெரி இடம்பிடித்துவிட்டது. அதனால் கலாபகோஸைத் தவிக்க வைக்கும் மைசூர் ராஸ்பெரிக்குப் பட்டியலில் இடமில்லை. அது பாதுகாப்பானது என்று பொருளில்லை.

அதே பட்டியலில் மைனாவும் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விறாந்தை மின்விளக்கின் மேல் கூடு கட்டுகிறதே, வாலடி சிவந்த அந்தக் கொண்டைக்குருவியும் இருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை விளக்கைப் போடாமல் இருக்கிற வீடுகள் கொழும்பில் எத்தனையோ. அந்தக் குருவி நமக்கு வீட்டு விருந்தாளி. ஹவாயின் ஓவாகுத் தீவிலும் பீஜியிலும் அது பயிரைத் தின்னும், களைவித்தைப் பரப்பும் அந்நியப் பறவை. ராஸ்பெரியின் கதையும் இதுவே.

மறுபக்கமும் உண்டு. உண்ணிச்செடி அதே பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக இங்கே வந்தது. ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் ஐரோப்பிய முட்செடியான கோர்ஸும் பட்டியலில் இருக்கிறது. இவை இரண்டும் இங்கே அந்நியம், இங்கே ஆக்கிரமிப்பு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் மலையில் எதையாவது பிடுங்க வேண்டுமென்றால், கைவைக்க வேண்டியது இவற்றில்.

கொழும்பில் வளருமா?

சுப்பர் மார்க்கெட் ராஸ்பெரியின் வித்தைத் தொட்டியில் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வித்து உயிருள்ளதுதான், ஆனால் தடித்த ஓட்டோடு மாதக்கணக்கில் ஈரக்குளிரில் இருந்தால்தான் நன்றாக முளைக்கும். முளைத்தாலும் பலன் இல்லை. வழக்கமான சிவப்பு ராஸ்பெரி வகைகளுக்குப் பூக்க 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800 மணித்தியாலமோ அதற்கு மேலோ குளிர் தேவை. கொழும்பின் சராசரி 27 பாகை. நுவரெலியாவின் சராசரியே 16 பாகை அளவில்தான். நம் காட்டு ராஸ்பெரிகளுக்கு அந்தக் கடுங்குளிர் தேவையில்லை என்றாலும் மலையின் குளிர்ச்சி வேண்டும். இறக்கிக் கொண்டுவந்து நட்டால் கொழும்பு வெக்கையில் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவுக்குள் எந்தச் செடியையும் பழத்தையும் பறிக்கக் கூடாது, அது சட்டம். பூங்காவுக்கு வெளியே, மருந்தடிக்காத இடத்தில் கழுவிச் சாப்பிடத் தடையில்லை. இன்னது என்று உறுதியாகத் தெரியாத பழத்தைச் சாப்பிட வேண்டாம். மூன்று இலை, செம்பட்டை மயிர், குழிவாகக் கழன்று வரும் மஞ்சள் பழம் என்ற மூன்றும் ஒருங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு ‘ஊர் ராஸ்பெரி’ வித்து அனுப்ப வேண்டாம். அங்கிருந்து வருகிறவர்கள் பிளாக்பெரிக் கன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரவும் வேண்டாம். தாவரங்களை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை இருப்பது இதற்காகவே. கொழும்பில் காய்ந்து போகக்கூடிய கன்று, நுவரெலியாவின் குளிரில் வேர் பிடிக்கக்கூடும்.

விடுமுறைக்குப் போகும்போது கொழும்பிலிருந்து பெட்டி ராஸ்பெரியோ பிளாக்பெரியோ எடுத்துப் போகிறீர்கள், ஒரு பாதி கனிந்து வீணாகிவிட்டது என்று வையுங்கள். அதை பங்களாவின் பின்சரிவில் வீசாமல் மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். சரிவில் கிடந்தால் விடிவதற்குள் ஒரு மரநாயும் விடிந்ததும் ஒரு கொண்டைக்குருவியும் வந்து போயிருக்கும்.